தாளை வைத்தும் எண் குறையவில்லை என்றால் ஆல்ஃபா இல்லை என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வீடு. பிளஸ் டூ படிக்கும் மகன், கதிர்வீச்சை எண்ணும் கைகர் மீட்டரை ஆன்லைனில் வாங்கிக் கடற்கரைக் கருமணல் மேல் வைத்திருக்கிறான். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) காட்டியது. வீட்டுக்குள் 0.2. மணலுக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு தாளை வைத்துப் பார்த்தான், எண் அசையவில்லை. சமையலறை அலுமினியத் தட்டை வைத்தபோது கொஞ்சம் இறங்கியது. உடனே அவன் முடிவு கட்டிவிட்டான்: தாள் தடுக்கவில்லை, ஆகவே இங்கே ஆல்ஃபா கிடையாது, இருப்பது பீட்டா கொஞ்சம், மீதி காமா, எல்லாவற்றையும் துளைத்துப் போவது காமாதான் என்பதால் ஆபத்தும் அதுதான். இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரே வரியில், ஐந்து வயது மகள் அந்த மணலில் விளையாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலாவது தெளிவானால்தான் இரண்டாவதற்கான பதிலை நீங்கள் நம்ப முடியும்.

நான் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவிலும் அணு மருத்துவப் பிரிவிலும் 24 ஆண்டுகள், அதில் பாதிக்கு மேல் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக. தினமும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற இந்த மூன்று கதிர்களையும் அளப்பதும் அடைத்து வைப்பதும்தான் வேலை. நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டுச் சுவரை இங்கே உட்கார்ந்துகொண்டு அளக்கவும் முடியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மகன் செய்த சோதனை நல்ல சோதனை. அவன் எடுத்த முடிவுதான் தவறு. அந்த மணலில் ஆல்ஃபா தாராளமாக இருக்கிறது. உங்கள் கடற்கரையின் கருமைக்குக் காரணம் இல்மனைட் என்ற கனிமம். அதில் பெரிய கதிரியக்கம் இல்லை. அதோடு கலந்து கிடக்கும் தேன் நிறத் துணுக்குகளை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பாருங்கள், அவைதான் மோனசைட், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கனிமம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்துத்தான் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம். அன்று அதன் தேவை விளக்குக்கு. கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை மேன்டில், பெரும்பகுதி தோரியம் ஆக்சைடுதான்.

இந்தத் தோரியம்-232 ஒரே தாவலில் அடங்கிவிடுவதில்லை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அது சிதைந்து ரேடியமாகி, ஆக்டினியமாகி, தோரான் என்ற வாயுவாகி, பொலோனியம், பிஸ்மத், தாலியம் என்று கைமாறி, கடைசியில் கதிரியக்கம் இல்லாத ஈயமாக நிற்கிறது. இந்த வழியில் மொத்தம் ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா. நடுநடுவே காமா, அதிலும் தாலியம்-208 விடும் காமா 26 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது, இயற்கையில் கிடைக்கும் வலுவான காமாக்களில் ஒன்று. ஆக எண்ணிக்கையில் பார்த்தால் அந்த மணலில் முதலிடமே ஆல்ஃபாவுக்குத்தான்.

பிறகு ஏன் மீட்டருக்குக் கேட்கவில்லை? மூன்று சுவர்கள் குறுக்கே நிற்கின்றன. முதல் சுவர் மணல் துணுக்கேதான். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். மோனசைட் போன்ற அடர்த்தியான கனிமத்தில் ஆல்ஃபா போகும் தூரம் ஏறக்குறைய 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. துணுக்கின் நடுவில் பிறக்கும் ஆல்ஃபா வெளியே தலைகாட்டுவதே இல்லை, அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது சுவர் காற்று. தப்பித்து வெளியே வந்தாலும் சில சென்டிமீட்டருக்குள் ஆற்றல் தீர்ந்துவிடும். மூன்றாவது சுவர் உங்கள் மீட்டர். விலை குறைந்த மீட்டர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் கண்ணாடியாலோ உலோகத்தாலோ ஆன குழாய், அதைச் சுற்றி பிளாஸ்டிக் உறை. ஆல்ஃபா அந்தக் குழாய்க்குள் நுழையவே முடியாது. ஆல்ஃபாவை எண்ண வேண்டுமானால் குழாயின் ஒரு முனையில் மைக்கா ஏடு ஒட்டிய சன்னல் வேண்டும். விரல் பட்டாலே கிழிந்துவிடும் அளவுக்கு மெல்லியது. மகன் தாளை வைப்பதற்கு முன்பே ஆல்ஃபா முழுவதும் நின்றுபோயிருந்தது. ஏற்கெனவே பூட்டியிருக்கும் கதவுக்கு வெளியே இன்னொரு திரை போட்டால் எந்த மாற்றமும் தெரியாதல்லவா, அதேதான்.

இந்தப் பாடத்தை நான் கஷ்டப்பட்டுக் கற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வகத்தில் கதிரியக்கப் பொருள் ஏதாவது சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள். மீட்டரை மேசை முழுவதும் மெதுவாக நகர்த்தினேன். பின்னணி எண்ணிக்கைக்கு மேல் ஒரு டிக் கூட இல்லை. 'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் மூத்தவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து, வட்டமான வடிதாள் ஒன்றால் மேசையின் ஒரு மூலையைத் துடைத்தார். அதைத் திரவச் சுடர் எண்ணியில், அதாவது மிக வலுவில்லாத கதிரையும் எண்ணும் கருவியில் போட்டார். எண்கள் ஏறிக்கொண்டே போயின. அங்கே பயன்படுத்தியது டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். அதன் பீட்டா காற்றிலேயே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. எந்தக் கைகர் குழாயின் சுவரையும் தாண்டாது. நான் கையில் வைத்திருந்த கருவிக்கு அந்த மேசை சுத்தம்தான். அன்றிலிருந்து, மீட்டர் எதுவும் காட்டவில்லை என்று யார் சொன்னாலும் எந்த மீட்டர் என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது மூன்றின் குணத்துக்கு வருவோம். ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கட்டி. சுருங்கச் சொன்னால் எலக்ட்ரான் இல்லாத ஹீலியம் அணு. இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் 1908இல் இதை நிரூபித்த விதம் எனக்கு இன்றும் பிடித்த சோதனை. ஆல்ஃபா துளைத்துப் போகும் அளவுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ரேடியத்திலிருந்து வந்த வாயுவை அடைத்தார்கள். அதைச் சுற்றிக் காற்றை எடுத்துவிட்ட இன்னொரு குழாய். சில நாள் காத்திருந்து, வெளிக்குழாயில் சேர்ந்ததில் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தால் ஹீலியத்தின் மஞ்சள் நிறக்கோடு. அதே 1908இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் உலகில் முதன்முறையாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதற்கான ஹீலியத்தை அவர் மோனசைட் மணலைச் சூடாக்கித்தான் எடுத்தார். துணுக்குக்குள்ளேயே நின்றுபோன ஆல்ஃபாக்கள் என்று மேலே சொன்னேனே, அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே சேர்ந்து கிடந்த வாயு அது. பொருட்காட்சியில் மகளுக்கு வாங்கித் தரும் பலூனில் இருக்கும் ஹீலியமும் நிலத்தடியில் ஆல்ஃபாவாகப் பிறந்ததுதான்.

ஆல்ஃபா ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு வேகத்தில் கிளம்புகிறது. கனம் அதிகம், மின்னூட்டம் இரட்டிப்பு. போகும் வழியில் இருக்கும் ஒவ்வோர் அணுவிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டே போகும். 55 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் ஆல்ஃபா காற்றில் நான்கு சென்டிமீட்டர் போவதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் அணுக்களை அயனியாக்கிவிடும். அதிலும் வேகம் குறையக் குறைய அடி கூடும். பயணத்தின் கடைசித் துளியில்தான் மிக அதிகமாகக் கொட்டும். தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் நேராகத்தான் போகும், கூட்டத்தால் அதை வளைக்க முடியாது. ஆனால் நாலு வீதிக்கு மேல் போகாது, போன வீதியெல்லாம் அதன் தடம் தெரியும்.

பீட்டா அந்தக் கூட்டத்தில் ஓடும் சிறுவன். அது ஓர் எலக்ட்ரான், ஆல்ஃபாவைவிட 7,000 மடங்குக்கு மேல் லேசானது. யார் மீது இடித்தாலும் திசை மாறும். கோணல்மாணலாக ஓடி எங்கோ ஓரிடத்தில் நிற்கும். அது அணுக்கருவுக்குள் முன்கூட்டியே இருந்த எலக்ட்ரான் இல்லை. நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும் கணத்தில் உண்டாகி வெளியேறுவது. கூடவே நியூட்ரினோ என்ற இன்னொன்றும் ஆற்றலில் பங்கு வாங்கிக்கொண்டு போவதால், ஒரே பொருளிலிருந்து வரும் பீட்டாக்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடு வருவதில்லை. அந்தப் பங்கு கணக்கில் உதைத்ததால்தான் 1930இல் இயற்பியலாளர் பவுலி அப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பீட்டாவைப் பற்றிப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரிட்டியத்தின் பீட்டா ஆறு மில்லிமீட்டரில் நிற்கும். இட்ரியம்-90இன் பீட்டா காற்றில் எட்டு ஒன்பது மீட்டர் போகும், சதையில் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர்.

பீட்டாவைத் தடுக்க ஈயத்தை முதலில் வைப்பதும் தவறு. ஆய்வகங்களில் பாஸ்பரஸ்-32 வைத்திருக்கும் குப்பிக்கு அக்ரிலிக் தடுப்புதான் வைப்போம், ஒரு சென்டிமீட்டர் தடிமனில். ஈயம் போன்ற கனமான அணுக்கருவின் அருகில் வேகமான எலக்ட்ரான் திடீரென்று பிரேக் போட்டால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி எக்ஸ் கதிராக வெளியேறும். நின்றுவிடக்கூடிய ஒன்றை, ஊடுருவிப் போகும் ஒன்றாக நாமே மாற்றிவிட்டதாக ஆகும். முதலில் லேசான பிளாஸ்டிக், தேவைப்பட்டால் அதற்கு வெளியே ஈயம் என்பதே சரியான வரிசை.

காமாவுக்கு மின்னூட்டமும் இல்லை, நிறையும் இல்லை. ஆல்ஃபாவோ பீட்டாவோ வெளியேறிய பின் பதற்றம் அடங்காத அணுக்கரு மிச்ச ஆற்றலைக் கொட்டுவதுதான் அது. ஒளி என்ன இனமோ அதே இனம். 1900இல் பாரிசில் வில்லார்ட் கண்டுபிடித்தார். மற்ற இரண்டுக்கும் முந்தைய ஆண்டு பெயர் வைத்திருந்த ரூதர்ஃபோர்டு பின்னால் இதற்கும் காமா என்று வைத்தார். மற்ற இரண்டுக்கும் 'இவ்வளவு தூரம்தான்' என்று எல்லை உண்டு. காமாவுக்கு எல்லை கிடையாது, வாய்ப்புதான் உண்டு. மோதினால் மோதும், இல்லாவிட்டால் எதையும் தொடாமல் நேராகப் போய்விடும். அதனால் 'ஈயம் காமாவைத் தடுக்கும்' என்பது பாதி உண்மை. கோபால்ட்-60இன் காமாவை 12 மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். இன்னொரு 12 வைத்தால் கால்வாசி. 12 சென்டிமீட்டர் வைத்தாலும் ஆயிரத்தில் ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும். நாங்கள் ஸ்கேனுக்குத் தினமும் ஊசி போடும் டெக்னீசியம்-99எம்மின் காமாவுக்கோ 0.3 மில்லிமீட்டர் ஈயமே பாதியாக்கப் போதும். காமா என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று உண்டு, மாணவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். எல்லாவற்றையும் துளைத்துப் போவது கைகர் குழாயையும் துளைத்துப் போய்விடும். குழாய்க்குள் வந்த காமாக்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் எண்ணப்படும். வந்த பீட்டாவோ அநேகமாக ஒவ்வொன்றும் எண்ணப்படும். பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் ஒன்றைப் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மைக்கா சன்னல் வைத்த மீட்டரை உறையின் திறந்த வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் சடசடவென்று பொரியும். ஒரு தாளை நடுவில் நுழைத்தால் அந்தச் சத்தத்தில் ஒரு பகுதி சட்டென்று அறுந்துபோகும், அது ஆல்ஃபா. சில மில்லிமீட்டர் அலுமினியத்தை வைத்தால் பின்னணிச் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் மிஞ்சும். வகுப்பில் யாராவது ஒருவர், அப்படியானால் இதில் காமா ரொம்பக் குறைவா சார் என்பார். குறைவில்லை, கருவி அதைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. உங்கள் மகன் வைத்த தட்டு எண்ணை இறக்கியதும் இதனால்தான்; மீட்டரின் உறையைத் தாண்டி வந்துகொண்டிருந்த வலுவான பீட்டாக்கள் அதில் நின்றுவிட்டன.

இனி ஆபத்து. தூரம் போவது வேறு, கேடு செய்வது வேறு. தூரம் போக முடியாதது எதனால் போக முடியவில்லை? தன் ஆற்றல் முழுவதையும் வழியிலேயே கொட்டிவிடுவதால். அந்த வழி காற்றாகவோ செத்த தோலாகவோ இருந்தால் நஷ்டம் இல்லை. உயிருள்ள செல்லாக இருந்தால் அதன் டி.என்.ஏ. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுபடும் வாய்ப்பு கூடுகிறது. செல்லால் அதைச் சரியாக ஒட்டிக்கொள்வது கடினம். அதனால்தான் சீவர்ட் கணக்குப் போடும்போது ஒரே அளவு ஆற்றலுக்குக் காமாவையும் பீட்டாவையும் 1 என்றும் ஆல்ஃபாவை 20 என்றும் பெருக்குகிறோம். எந்தக் கதிர் ஆபத்து என்ற கேள்விக்கு முன்னால், கதிரை விடும் பொருள் உடலுக்கு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்ற கேள்வி வர வேண்டும். வெளியே என்றால் காமா முதலில், அடுத்து தோலுக்கும் கண்ணுக்கும் பீட்டா, ஆல்ஃபா கணக்கிலேயே இல்லை. உள்ளே என்றால் வரிசை தலைகீழ்.

நடந்தவற்றைப் பார்த்தாலே புரியும். 2010இல் டில்லி மாயாபுரியில், பயன்பாட்டில் இல்லாத கதிர்வீச்சுக் கருவி ஒன்று பழைய இரும்போடு ஏலத்தில் போய், உள்ளே இருந்த கோபால்ட்-60 கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. யாரும் அதை விழுங்கவில்லை. பக்கத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அது காமா. 1986இல் செர்னோபிலில் தீயணைக்கப் போனவர்களின் தோலைப் பொசுக்கியதில் பெரும்பங்கு உடையிலும் உடம்பிலும் படிந்த தூசியின் பீட்டாவுக்கு. 2006இல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோவைக் கொன்றது பொலோனியம்-210. ஏறக்குறைய முழுவதும் ஆல்ஃபா. பாத்திரத்தில் இருக்கும் வரை சுமந்து சென்றவருக்குப் பெரிய கேடு இல்லை, சாதாரண மீட்டருக்கும் பிடிபடாது. தேநீரில் குடித்தவருக்கு மூன்று வாரம்.

ரேடியம் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1920களில் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு ரேடியச் சாயம் பூசிய பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள். உடம்புக்கு ரேடியமும் கால்சியமும் ஒன்றுபோலத் தெரியும். எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. தாடை எலும்பு அழுகியது, எலும்புப் புற்று வந்தது. இன்று புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய நோயாளிக்கு ரேடியம்-223 ஊசி போடுகிறோம். அதே ஆல்ஃபா, எலும்பைத் தேடிப் போகும் அதே குணம். புற்று படர்ந்த இடத்தில் எலும்பு புதிதாக வளர்வதால் ரேடியம் அங்கேதான் அதிகம் போய் உட்காரும். சில செல்கள் தூரத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டும். அடுத்திருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் தப்பிக்கும். அந்தப் பெண்களை அழித்ததை நோயாளிக்கு உதவியாகத் திருப்ப, அளவும் அரை ஆயுளும் இடமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 223இன் அரை ஆயுள் 11 நாள், அவர்கள் விழுங்கிய 226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஊசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் நினைவு வராமல் இருப்பதில்லை.

இப்போது மகள். உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். வெளியிலிருந்து வருவது கிட்டத்தட்ட முழுவதும் காமா, அதை உங்கள் மீட்டர் ஓரளவு சரியாகவே காட்டும்; குழாய் தவறவிடும் பங்கையும் கணக்கில் எடுத்துத்தான் மைக்ரோசீவர்ட் எண்ணைக் குறிக்கிறார்கள். மலிவு மீட்டர் என்பதால் முன்பின் மூன்றில் ஒரு பங்கு தவறலாம் என்று வையுங்கள். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட், தினம் இரண்டு மணி நேரம், ஆண்டில் 300 நாள் விளையாடினால் 600 மைக்ரோசீவர்ட், அதாவது 0.6 மில்லிசீவர்ட். அந்த நேரம் வீட்டில் இருந்தாலும் கொஞ்சம் வாங்கியிருப்பாள் என்பதால் கூடுதல் என்பது அரை மில்லிசீவர்ட்தான். உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு வாங்கும் சராசரி சுமார் இரண்டரை முதல் மூன்று மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது அணு உலை, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து வருவதற்கான வரம்பு, இயற்கைப் பின்னணிக்குப் பொருந்தாது. மணலில் விளையாடி அவளே கதிரியக்கமாகிவிட மாட்டாள். காமா பட்ட பொருள் கதிரியக்கம் பெறுவதில்லை, டார்ச் வெளிச்சம் பட்ட சுவர் விளக்கைப்போல எரியாதது போல. ஒட்டிக்கொண்டு வரும் மணலைக் கழுவிவிட்டால் போயிற்று.

ஐந்து வயதுக் குழந்தை கொஞ்சம் மணலை வாயில் போட்டிருந்தால்? பதற வேண்டாம். மோனசைட் லேசில் கரையாது. ஆலையில் அதைக் கரைக்கச் சூடான காஸ்டிக் சோடாவோ அடர் கந்தக அமிலமோ வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். நான் அதிகம் கவலைப்படுவது மூக்கு வழியாகப் போகும் தூசியைப் பற்றி. மணல் சலிக்கும் இடம், காற்றில் மெல்லிய பொடி பறக்கும் காய்ந்த குவியல், தாதுமணல் லாரி இறக்கும் இடம் ஆகியவற்றின் பக்கம் அவளை விடாதீர்கள். அலை நனைத்த மணலில் ஓடி விளையாடட்டும். சாப்பிடுமுன் கை, நகக்கண் கழுவட்டும்.

உறுதி குறைந்த பகுதி இனிமேல்தான். சுமார் 100 மில்லிசீவர்டுக்கு மேல் வாங்கினால் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குக் கீழே, அதுவும் பல ஆண்டுகளில் துளித்துளியாக வாங்கினால் என்ன ஆகும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பாதுகாப்பு விதிகள் எல்லாம், எவ்வளவு குறைந்தாலும் அதற்கேற்ற சிறு ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அது எச்சரிக்கைக்கான அனுமானம், அளந்து நிரூபித்த உண்மை அல்ல. உங்களுக்கு வடக்கே, கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மோனசைட்தான். அங்கே சில பகுதிகளில் காமா மட்டுமே ஆண்டுக்கு 10 மில்லிசீவர்டைத் தாண்டும். திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தினர் அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இது ஆறுதலான செய்தி, நான் மதிக்கும் ஆய்வு. ஆனால் ஆபத்து பூஜ்ஜியம் என்று அது நிரூபித்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிகச் சிறிய கூடுதல், பல காரணங்களால் வரும் புற்றுநோய்க் கூட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கடற்கரையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வீடு. இரண்டு மணி நேரம் விளையாடும் இடத்தில் 1 மைக்ரோசீவர்ட் என்பதும், இரவும் பகலும் இருக்கும் அறையில் அதே 1 மைக்ரோசீவர்ட் என்பதும் ஒன்றல்ல; பின்னதில் ஆண்டுக்கு 8.8 மில்லிசீவர்ட் சேரும். கூடவே தோரான் வாயு. அதன் அரை ஆயுள் 56 நொடிதான், தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ கிளம்பி வெகுதூரம் போவதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் அது விட்டுப்போகும் ஈயம்-212 பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து அறைத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுவாசித்தால் அடுத்து வரும் ஆல்ஃபா நுரையீரலுக்குள்ளேயே வெடிக்கும். மகன் தாளை வைத்துத் தேடிய ஆல்ஃபா வீட்டுக்குள் உங்களுக்குக் கேடு செய்யக்கூடிய முக்கிய வழி இதுதான், இதை அவனுடைய மீட்டர் ஒருநாளும் காட்டாது.

உங்கள் வீட்டுக்குள் 0.2 என்பது சாதாரண அளவு. அந்த மட்டில் கடற்கரை மணலைக் கொட்டிக் கட்டிய வீடாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஓர் அறையில் மட்டும் அளந்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் அறையிலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பத்து நிமிடம் மீட்டரை அசையாமல் வைத்துச் சராசரியை எழுதச் சொல்லுங்கள், பிறகு தரையை ஒட்டியும் சுவரை ஒட்டியும். ஏதாவது ஓர் இடத்தில் எண் இரண்டு மூன்று மடங்கு ஏறினால், அந்தச் சுவர் பூச்சுக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று கொத்தனாரிடம் விசாரியுங்கள். அந்த அறையின் சன்னலைப் பகலில் திறந்தே வையுங்கள். வெடிப்பு விட்ட பூச்சை மூடிவிடுங்கள். தோரானுக்கு அரை ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை என்பதால் நல்ல பூச்சும் பெயின்ட்டும் அதைப் பெருமளவு சுவருக்குள்ளேயே நிறுத்திவிடும். புதிதாக ஏதாவது கட்டுவதானால் கடற்கரைக் கருமணலை ஒரு சட்டி கூடக் கலக்க விடாதீர்கள்.

மகனுக்கு ஒரு வேலை தருகிறேன். மணலை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம், கடற்கரையிலேயே செய்யலாம். கருமணல் பட்டையாகத் தனியே ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் மீட்டரை மணலை ஒட்டி, அரை மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் உயரத்தில் என்று மாற்றி மாற்றி வைத்து எண்ணட்டும். ஒவ்வொரு இடத்திலும் தட்டோடு ஒரு முறை, தட்டில்லாமல் ஒரு முறை. எண் அவன் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகும் என்ற விதி புள்ளி போன்ற மூலத்துக்கு. விரிந்து கிடக்கும் கடற்கரை புள்ளி அல்ல. தட்டு வைத்ததும் வைக்காததும் எந்த உயரத்தில் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று அவன் எழுதி அனுப்பினால், அதில் பீட்டா எவ்வளவு, காமா எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நானும் அவனோடு உட்காருகிறேன்.